பீர்தானே!

"பீர்தானே, அது ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே, விருந்து முடிந்து ஸ்கூட்டரில் ஏறி உட்காருகிறவர்களை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் 'தானே'யைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. அதில் நூற்றுக்கு 5 பங்கு ஆல்கஹால் என்றால், மொத்தம் 32 மில்லிக்கு மேல் ஆகிறது. விஸ்கியில் நூற்றுக்கு 42.8 பங்கு. ஆனால் ஒரு 'லார்ஜ்' 60 மில்லிதான். அதில் உள்ளது 26 மில்லிகூட இல்லை. எது அதிகம், பார்த்தீர்களா? நூற்றுக்கு 8 பங்கு உள்ள 'ஸ்ட்ராங்' பீர் என்றால், அந்த ஒரு பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம்!

"ஆனால் விஸ்கிதானே சட்டென்று ஏறுகிறது?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆல்கஹாலில் பெரும் பகுதி சிறுகுடலில்தான் இரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் வாசல் மெள்ளத்தான் திறக்கும். வேகமும் உச்சமும் குறையும். கலக்காத விஸ்கி இரைப்பையை உறுத்துவதால் வாசல் சற்று இறுகிக்கொள்ளும். சரிபாதி சோடா சேர்த்தாலோ, ஆல்கஹால் நூற்றுக்கு 20 பங்கு அளவில் நிற்கிறது. மிக விரைவாகக் கலப்பது அந்தப் பக்குவத்தில்தான். சோடாவின் வாயுவும் பலருக்கு வேகத்தைக் கூட்டுகிறது. பீர் நீர்த்தது, அளவும் அதிகம். ஆகவே நிதானமாக ஏறுகிறது. ஆனால் தாமதமாக வருகிற கடன்காரர் கடனைத் தள்ளுபடி செய்து விடுவாரா என்ன?

உள்ளே போனதை எரிப்பது கல்லீரலின் வேலை. மணிக்குச் சுமார் 10 மில்லிதான் அதனால் முடியும். அந்த ஒரு பாட்டில் தீர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காப்பி, மோர், பச்சைத் தண்ணீர் ஸ்நானம் எதற்கும் கல்லீரல் அவசரப்படாது.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அறுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் வெறும் வயிற்றில் ஒரு பாட்டில் பீர் குடித்தால், அதைப்போல் இரு மடங்கு வரை ஏறலாம். அதே எடையுள்ள பெண்ணின் உடலில் நீர் குறைவு. ஆகவே இன்னும் அதிகம் ஏறும்.

குடிக்காமல் இருப்பதே உத்தமம். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனாலும் "பீர்தானே" என்கிற குரல் உங்கள் வீட்டில் கேட்டால், முதலில் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் அனுப்புங்கள். அவர் கோபித்துக்கொள்ளத்தான் செய்வார். கோபித்துக்கொள்ளட்டுமே! பத்திரமாக வீடு வந்து சேர்ந்தவரோடு காலையில் சமாதானம் பேசிக்கொள்ளலாம்.