நூறு முறை எழுது!

“நூறு முறை எழுது!”

ஆணை பிறந்துவிட்டது. மூன்றாம் வகுப்புச் சிறுமி தலைகுனிந்து ஏட்டைத் திறக்கிறாள். தீவு என்று பொருள்படும் ‘ஐலண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதிவிட்டாளாம், அதற்குத் தண்டனை! அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? முதலில் ‘ஐ’ என்னும் எழுத்தை மேலிருந்து கீழாக வரிசையாய் எழுதுகிறாள். பிறகு பக்கத்தில் ‘எஸ்’. அப்புறம் ‘எல்’. ஏட்டிலே ஆறு தூண்கள் எழும்புகின்றன. அவள் உள்ளத்திலே ஒரு சொல்லும் எழவில்லை! கை உழைத்தது, கருத்து உறங்கியது.

ஆணையிட்ட கொடியவன் யார் என்று கேட்கிறீர்களா, தோழர்களே? நான்தான். ஆசிரியப் பணியேற்ற முதலாண்டில், என் ஆசிரியர் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன். மரபல்லவா!

அவள் செய்த குற்றந்தான் என்ன? காதில் விழாத ‘எஸ்’ஸை அவள் எழுதவில்லை, அவ்வளவே! அன்றிரவு அகராதியைப் புரட்டினேன், வெட்கினேன். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லிலே ‘எஸ்’ இல்லை! பிரெஞ்சு வழி வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு இல்லாத உறவைக் கற்பித்து, இடையிலே அந்த எழுத்தைச் செருகிவிட்டார்கள் பிற்காலத்தார். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் ‘பி’ எதற்கு? இலத்தீன் மூலத்தை நினைவூட்டக் கற்றோர் புகுத்தியது! கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’பின் ‘கே’யாவது ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து. நாக்கு அதைக் கைவிட்டது, அச்சு கைவிடவில்லை. 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவிய பின், எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது. ஒலியோ ஓடிக்கொண்டே இருந்தது.

பண்டிதர் செய்த பிழை, இலக்கணமாயிற்று! பாலகி சொன்ன உண்மை, பிழையாயிற்று! பிழை செய்தவருக்குப் பெருமை. செவி சொன்னதை எழுதிய சிறுமிக்கு நூறு முறை தண்டனை! இதுவா நீதி?

“அப்படியானால் அவரவர் மனம்போல் எழுதலாமா?” என்று சீறுவர் சிலர். இல்லை, ஐயா! உலகம் ஏற்ற எழுத்தையே அவளும் எழுத வேண்டும். ஆங்கில எழுத்தைச் சீர்திருத்த, 1950-இல் மறைந்த பெர்னாட் ஷா தம் உயிலிலேயே பொருள் ஒதுக்கினார். புதிய எழுத்தில் அவருடைய நாடகமொன்று 1962-இல் அச்சேறியது. ஆங்கில உலகம் அசையவில்லை. நாம் நல்லூழ் பெற்றோம். பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஆங்கில எழுத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. அதைக் கற்பிக்கும் முறையை மாற்றுவது நம் கையில்தானே இருக்கிறது?

ஆங்கில எழுத்து வெறும் காடு, மனப்பாடமே வழி என்கிறார்கள். பொய்! காட்டிலும் பாதை உண்டு. ‘கிட்’ என்ற சொல்லின் இறுதியில் ‘இ’ என்ற எழுத்தைச் சேருங்கள், ‘கைட்’ ஆகிறது. தான் ஒலிக்காமல், முன்னுள்ள உயிரை நீட்டி ஒலிக்கச் செய்கிறது அந்த எழுத்து! ‘சி’ என்ற எழுத்து ‘கப்’பிலே ககரமாகவும் ‘சிட்டி’யிலே சகரமாகவும் ஒலிப்பது ஏன்? ‘இ, ஐ, ஒய்’ என்ற மூன்றும் பின்னால் வந்தால் சகரம். ‘ஜம்ப்டு, பிளேய்டு, வான்டெட்’ என மூன்று விதமாய்க் காதில் விழுவது ஒரே ‘இ, டி’ தான். காலம் ஒன்று, ஆகவே எழுத்தும் ஒன்று. ‘சைன்’ என்ற சொல்லில் ஊமையாய் நிற்கும் ‘ஜி’, ‘சிக்னேச்சர்’ என்னும்போது வாய் திறக்கிறது!

விதி என்றால் அதற்கும் பூசை போட வேண்டாம். ‘ஐ’ முன்னே, ‘இ’ பின்னே, ‘சி’க்குப் பிறகு மட்டும் மாறும் என்றொரு பாட்டு வகுப்புதோறும் ஒலிக்கிறது. ‘சயின்ஸ்’ என்ற சொல்லே அதை மீறுகிறது! விதியைச் சோதி, தேறினால் வைத்துக்கொள். குழந்தைக்குச் சொல்ல வேண்டியது இதுதான்.

இங்கிலாந்திலேயே 2012 முதல் முதலாண்டுச் சிறாருக்கு ஒரு சோதனை நடக்கிறது. 40 சொற்களை ஒலி கூட்டிப் படிக்க வேண்டும். அவற்றில் 20 பொருளே இல்லாத புனைசொற்கள். மனப்பாடத்திற்கு அங்கே வாயில் ஏது? உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாவதை முதல் வகுப்பிலேயே அறிந்த நம் குழந்தைக்கா ஒலி கூட்டத் தெரியாது? இடறுமிடம் வேறு. பன்றியும் பெரியதும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொல். தமிழெழுத்திலோ இரண்டும் ‘பிக்’. நம் பகரம் இரண்டு ஒலிக்கும் பொது. இதை அறியாத ஆசிரியர், “மக்கு!” என்கிறார். யார் மக்கு?

இங்கேதான் அநீதியின் வேர் இருக்கிறது. மனப்பாடத்திற்குக் காவல் வேண்டும். வீட்டிலே ஆங்கிலம் அறிந்த தந்தை வேண்டும், அல்லது தனிப்பயிற்சிக்குக் காசு வேண்டும். இரண்டும் இல்லாத கூலித் தொழிலாளியின் மகள் தோற்கிறாள். உடனே, “அவளுக்குப் படிப்பு ஏறாது” என்கிறார்கள்! பிறப்பைக் காட்டிப் படிப்பை மறுத்த பழங்கதை, எழுத்துப்பிழையின் வேடத்தில் மீண்டும் வருகிறது. காரணத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டால் அதற்குக் காவலாள் வேண்டாம். அது மூளையிலேயே தங்கும்.

எழுத்தறியாத தாயும் உதவ முடியும். “ஷிப்” என்று மகளைச் சொல்லச் சொல்லட்டும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு புளியங்கொட்டை வைக்கட்டும். ஷ், இ, ப், மூன்று கொட்டைகள். எழுத்தோ நான்கு! “எந்தக் கொட்டைக்கு இரண்டு எழுத்து?” என்று தாய் கேட்கட்டும், மகள் விளக்கட்டும். பிறகு சொல்லை மூடி வைத்து எழுதச் செய்து, திறந்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடட்டும். அதற்குக் கண் போதும், பட்டம் வேண்டாம்.

“நாங்கள் அடிபட்டு, எழுதி எழுதித்தான் படித்தோம்” என்பாரும் உளர். படித்து மீண்டவர் நீங்கள். உங்களோடு அமர்ந்து, பாதியில் பள்ளியை விட்டு ஓடியவர் எத்தனை பேர்? அவர்களை யார் எண்ணினார்கள்? உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. பிரம்பு ஒளிந்துகொண்டது; ‘நூறு முறை’ அதன் இடத்தில் அமர்ந்திருக்கிறது!

இளைஞர்களே! உங்கள் தெருப் படிப்பகத்தில் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்துக் குழந்தைகளைக் கூட்டுங்கள். அவர்கள் செய்யும் பிழைகளைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள், “ஏன் இப்படி எழுதினாய்?” என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பிழைக்குப் பின்னே ஒரு பகுத்தறிவு ஒளிந்திருக்கக் காண்பீர்கள்.

மறுநாள் அந்தச் சிறுமியிடம் ‘எஸ்’ஸின் கதையைச் சொன்னேன். வியந்தாள், சிரித்தாள். “அப்போ தப்புப் பண்ணது அவங்கதானா, சார்?” என்றாள். ஆம், அம்மா, அவர்கள்தான். அதன் பிறகு அந்தச் சொல்லை அவள் தவறியதே இல்லை. ஒரு முறைதான் எழுதினாள்.