குழந்தை கிளிப்பிள்ளை அல்ல!

மனிதனின் மனதுக்குள் மொழி எப்படிக் குடியிருக்கிறது?

மண்டையைத் திறந்து பார்த்தால் சொற்கள் தெரியாது. "உன் மனதில் மொழி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், 4 வயதுக் குழந்தைக்குப் பதில் சொல்லத் தெரியாது. பெரியவர்களுக்கே தெரியாதே! பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற அம்மையார் அதற்கு ஓர் எளிய வழி கண்டார். அவருடைய ஆராய்ச்சி 1958-ம் ஆண்டில் வெளியாயிற்று.

பறவை போன்ற ஓர் உருவத்தைப் படமாக வரைந்து, அதற்கு "வக்" என்று பெயர் வைத்தார். அப்படி ஒரு பிராணி உலகத்தில் கிடையாது. அப்படி ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் கிடையாது. 4 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளிடம் படத்தைக் காட்டினார்.

"இது ஒரு வக். இதோ, இன்னொன்றும் வந்துவிட்டது. இப்போது இரண்டு..." என்று சொல்லி நிறுத்தினார்.

"வக்ஸ்!" என்றார்கள் குழந்தைகள். நூற்றுக்கு 91 பேர் சரியாகச் சொன்னார்கள்.

நாம் "மரம்" என்பதை "மரங்கள்" ஆக்குவதுபோல, ஆங்கிலத்தில் "ஸ்" சேர்ப்பார்கள். ஆனால், "வக்ஸ்" என்ற சொல்லை அந்தக் குழந்தைகள் எங்கும் கேட்டதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் மொழி என்றால், அவர்கள் விழித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஆகவே, மனதில் இருப்பது வெறும் சொல் மூட்டை அல்ல. புதுச் சொல்லை உண்டாக்கும் விதியும் அங்கே இருக்கிறது. இலக்கணப் புத்தகத்தைத் தொடும் முன்பே குழந்தை அதைக் கற்றுவிடுகிறது!

எல்லா விதியும் ஒரே நாளில் வந்துவிடாது. "கிளாஸ்" என்பதை "கிளாசஸ்" என்று அநேகமாக எல்லாக் குழந்தைகளும் சொன்னார்கள். ஆனால் "டாஸ்" என்ற கற்பனைச் சொல்லைக் கொடுத்தபோது, நூற்றுக்கு 36 பேரே "டாசஸ்" என்றார்கள். பழகிய சொல் மனப்பாடத்தில் வந்தது. அதற்குரிய விதி இன்னும் மனதில் ஊன்றவில்லை.

ஆங்கிலக் குழந்தைகள் "போனேன்" என்பதற்கு "வென்ட்" என்று சொல்லாமல், "கோ" என்ற சொல்லோடு "ட்" சேர்த்து "கோ-ட்" என்று சொல்வது உண்டு. பெரியவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தான் கண்டுபிடித்த விதியைக் குழந்தை எல்லாச் சொல்லுக்கும் பொருத்திப் பார்க்கிறது. அது பிழைதான். ஆனால், மூளை வேலை செய்கிறது என்பதற்கு அந்தப் பிழையே அடையாளம்!

பெற்றோர்களே! உங்கள் குழந்தை தப்பாகப் பேசினால் கேலி செய்யாதீர்கள். தலையில் குட்டாதீர்கள். சரியான சொல்லை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். வேலை எவ்வளவு இருந்தாலும், தினமும் குழந்தையோடு பேசுங்கள். அது பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

விதியைக் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய பேச்சைக் கொடுக்க வேண்டியது நாம்தான்!