பச்சை விளக்கு மட்டும் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி புனேயிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, எட்டு மாசம் வேஸ்ட்" என்றாள். அப்புறம் அழுகைதான்.

அவள் ஆராய்ச்சி மாணவி. நானோ பி.காம். முடித்துவிட்டு நாக்பூரில் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

நாம் சாப்பிடுகிற இட்லியும் சோறும் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைக்குள் விடுகிற புரதத்துக்குப் பெயர் குளூட்-4. சாதாரணமாக இது செல்லுக்கு உள்ளேயே கிடக்கும். இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் விளிம்புக்கு வந்து சர்க்கரைக்கு வழிவிடும். டைப் 2 சர்க்கரை நோயில் இந்த வேலை சரியாக நடப்பதில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்!

இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அதோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை விலைக்கு வாங்குகிறார்கள். விரல் நுனி அளவு டியூப், ஐஸில் வைத்து வரும். இவள் வாங்கியது முப்பதாயிரத்துக்கு மேல். லேபிளில் குளூட்-4 என்று போட்டிருந்தது. எலியின் தசையில் சோதித்தாள், பட்டை தெரிந்தது. எட்டு மாதமும் அதை வைத்தே கணக்கு.

பிறகு ஏதோ சந்தேகம் வந்து ஈரலில் சோதித்தாள். ஈரலில் இருப்பது குளூட்-2. குளூட்-4 அங்கே தெரியவே கூடாது. ஆனால் அதே இடத்தில் அதே பட்டை! அந்த ஆன்டிபாடி வேறு எதிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கவுண்டரில் கள்ளநோட்டு பிடிக்கிற மெஷின் இருக்கிறது. நல்ல நோட்டுக்குப் பச்சை எரிந்தால் மட்டும் போதுமா? கள்ளநோட்டுக்குச் சிவப்பு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டாமா?

இது இவள் ஒருத்தியின் கதை இல்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், நரம்பு சம்பந்தமான 65 புரதங்களுக்கு விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை, அந்தந்தப் புரதமே இல்லாத செல்களிலும் வைத்துப் பார்த்தார்கள். தேறாத ஆன்டிபாடியை நம்பி வந்த கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகச் சுமார் 12! அதன்பின் சில கம்பெனிகள் தேறாத சரக்கை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டன.

என் கருத்து இதுதான். ஆராய்ச்சிக்குச் செலவாவது பெரும்பாலும் நம் வரிப்பணம். புதுசாக ஒரு டியூப் வந்தால், முதல் வாரமே அந்தப் புரதம் இல்லாத மாதிரியில் சோதித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். அதற்கான நாளும் பணமும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். கையெழுத்தைச் சரிபார்க்காமல் செக்கைப் பாஸ் செய்தால் எங்களை விடுவார்களா? லேபிளை நம்பியதற்குத் தண்டனை மாணவிக்கு மட்டும் என்பது என்ன நியாயம்?

வெளியூர் ஹாஸ்டலில் பிள்ளைகளை விட்டிருக்கிற நண்பர்களே, "எக்ஸ்பெரிமென்ட் சரியா வரலை" என்று போன் வந்தால், "ஒழுங்கா செஞ்சியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அக்கா அப்படித்தான் கேட்டிருக்கிறாள். அதனால்தான் அந்தப் போன் எனக்கு வந்தது.

இப்போது வேறு டியூப் வாங்கியிருக்கிறாள். முதல் வேலையாக ஈரலில் வைத்துப் பார்த்தாளாம். பட்டை இல்லை. "ஒண்ணுமே வரலை மாமா!" என்று அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.