பழைய மின்கருவிகளும் நம் கடமையும்

ஒரு பொருளை வாங்குங்கால் நாம் காட்டும் ஆராய்ச்சியில் நூற்றிலொரு பங்கும் அதனைக் கழிக்குங்கால் காட்டுவதில்லை. விலை, உறுதி, உழைக்கும் காலம் என்னும் இவற்றையெல்லாம் பத்துப் பேரிடம் வினவி வாங்கிய கருவி பழுதுற்ற பின்னர், ஒன்று பரண்மேல் ஏறும். அன்றேல் காயலான் கடைக்குச் செல்லும். இவ்விரண்டும் தக்க வழிகள் அல்ல. கருவியை வீடுதோறும் கொண்டுவந்து சேர்த்தவர்களே அதனைத் திரும்பப் பெறும் வழியையும் வீட்டிற்கு அண்மையில் அமைத்துத் தருதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

எடுத்துக்காட்டாகத் திருவாலங்காட்டைக் கொள்வோம். திருத்தணிகைக்கு அணித்தாய், சென்னை அரக்கோணம் இருப்புப்பாதையின் மருங்கே அமைந்த இவ்வூர், இரத்தினசபை விளங்கும் தலமென்றும் காரைக்கால் அம்மையார் பாடிய தலமென்றும் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஆயின் இவ்வூரைச் சார்ந்த வேறொரு செய்தி அத்துணை நினைக்கப்படுவதில்லை. 2006ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு விலையின்றி வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரு கோடிக்கு மேற்பட்டன. பின்னர், 2011 செப்டம்பர் 15ஆம் நாள், மாணாக்கர்க்கு மடிக்கணினியும் இல்லங்கட்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியனவும் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. தொடங்கிய இடம் திருவாலங்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரே. இத்திட்டங்களைக் குறைகூற யாம் வந்தோமல்லோம். எழுதுபலகையும் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை கணினி கண்டது சிறிய நன்மையன்று. ஆயினும், குடும்ப அட்டையைப் பார்த்தும் பள்ளிப் பதிவேட்டைப் பார்த்தும் ஒருவர் விடாது கொடுத்த நாடு, அவற்றின் ஆயுள் முடிந்த பின்னர் ஒருவரிடமேனும் சென்று, 'அது யாதாயிற்று?' என வினவிற்றா?

அவை யாதாகின்றன என்பதை ஆராய்வோம். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய் தடித்த கண்ணாடியால் ஆயது. உள்ளே எழும் எக்ஸ் கதிர் வெளியே வாராது தடுத்தற்பொருட்டு அக்கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளனர். பெட்டி உடையாதவரை அவ்வீயம் எவர்க்கும் தீங்கு செய்யாது. உள்ளிருக்கும் செம்புச் சுருளுக்காக அதனை உடைப்போன், கண்ணாடியைக் குப்பைமேட்டில் எறிகின்றான். தூளும் துணுக்கும் மண்ணிற் கலக்கின்றன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஈயத்திற்கு இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. மின்கம்பியை எரித்துச் செம்பெடுத்தல் இதனினும் கொடிது. கம்பியைப் போர்த்த பி.வி.சி. பிளாஸ்டிக்கில் குளோரின் உண்டு. அது செம்போடு சேர்ந்து எரியுங்கால் டயாக்சின் என்னும் நஞ்சு புகையோடு எழும். சுற்றுப்பலகையில் மெல்லிதாய்ப் பூசிய பொன்னைப் பிரித்தற்கு அதனை அமிலத்தில் ஊறவைப்பாரும் உளர். ஊறிய பின்னர் அவ்வமிலம் சாக்கடைக்குச் செல்லும். பித்தளைத் தொழிலாற் புகழ்பெற்ற மொராதாபாத் நகரில், சுற்றுப்பலகைகளை எரித்த கருஞ்சாம்பல் இராமகங்கை ஆற்றங்கரையைக் கெடுத்த வரலாறு நாடறிந்தது. இக்கேடுகளை முதலில் நுகர்வோர் கருவியை வாங்கி மகிழ்ந்தவர் அல்லர். மிதிவண்டியில் தெருத்தெருவாய்க் கூவிவரும் பழம்பொருள் வாங்கும் ஏழையும் அவன் மனைவி மக்களுமே நுகர்கின்றனர்.

நிற்க. கருவிக்கு உடல் மட்டுமன்று, நினைவும் உண்டு. 1905ஆம் ஆண்டில் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகளைச் சரித்திரம் பயில்வோர் நன்கறிவர். முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியை 31 ஏடுகள் தாங்கி நிற்கின்றன. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டு கழிந்து கண்டெடுத்தபொழுதும் எழுத்து அழிந்திலது. செம்பிற் பொறித்தது நிலைத்தல் வேண்டுமென மன்னன் விரும்பினான், நிலைத்தது. நம் கருவிகளில் எழுதப்பெறுவன நிலைத்தல் வேண்டுமென நாம் விரும்பவில்லை. ஆயினும் அவையும் நாம் நினைப்பதினும் நெடிது நிலைக்கின்றன. ஆதார் அட்டையின் படி, வங்கிக் கணக்கின் எண், மருத்துவர் எழுதிய குறிப்பு, தங்கையின் புகைப்படம் ஆகிய யாவும் பரண்மேற் கிடக்கும் பெட்டியில் உறங்குகின்றன.

'அழித்துவிட்டோமே' என்பார்க்கு ஒன்று கூறுவோம். நூலகத்தின் அட்டவணையிலிருந்து ஒரு நூலின் சீட்டைக் கிழித்தெறிந்தால் நூல் அலமாரியை விட்டு நீங்குமோ? கணினியில் ஒரு கோப்பை அழித்தலும் பெரும்பாலும் இத்தகையதே. அழிவது அட்டவணைச் சீட்டு. ஏடு அவ்விடத்திலேயே இருக்கும். அதன்மேல் வேறெழுத்து எழுதப்பெறும் வரை, தேடத் தெரிந்தோன் அதனைப் படிக்கலாம். அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய சைம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் இருவர், பழம்பொருட் சந்தையில் 158 ஹார்ட் டிஸ்குகளை வாங்கி ஆராய்ந்து 2003இல் தம் முடிவை வெளியிட்டனர். இயங்கும் நிலையிலிருந்த 129இல் முறையாகத் துடைக்கப்பெற்றிருந்தவை 12 மட்டுமே.

இஃது ஏழை வீட்டின் குறை மட்டுமன்று. நியூயார்க்கிலுள்ள அஃபினிட்டி என்னும் மருத்துவக் காப்பு நிறுவனம், வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் இயந்திரங்களை அவற்றினுள்ளிருந்த டிஸ்கைத் துடையாது திருப்பிக் கொடுத்தமையால், 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. மார்கன் ஸ்டான்லி என்னும் பெருநிதி நிறுவனமோ, பழைய கருவிகளைக் கழிக்கும் பணியை, அத்துறையிற் பழக்கமில்லாத ஒரு சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் ஒப்புவித்தது. வாடிக்கையாளர் செய்திகளைத் தாங்கிய கருவிகள் ஏலத்தில் விலைபோயின. 2022இல் 3 கோடியே 50 லட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பெற்றது. கல்லூரி அலுவலகத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஜெராக்ஸ் இயந்திரம் உண்டு. அதன் வயிற்றிலும் டிஸ்க் இருத்தல் கூடும் என்பதை எத்துணைப் பேர் எண்ணினர்?

இவ்வச்சத்தை அறிந்தவர் கருவியைக் கொடார். அறியாதவர் காயலான் கடையிற் கொடுப்பர். ஆகலின் நஞ்சைப் பற்றி மட்டும் பேசி, நினைவைப் பற்றிப் பேசாத அறிவுரை பயனற்றது. உடலுக்கும் நினைவுக்கும் ஒருங்கே பிணை நிற்பாரிடமே மக்கள் கருவியை மனமுவந்து ஒப்புவிப்பர்.

'வீட்டிலேயே கிடந்தால் யார்க்கு என்ன கேடு?' எனச் சிலர் வினவலாம். பழைய மின்கலம் வெப்பத்திற் புடைத்துத் தீப்பற்றுதல் உண்டு. அன்றியும், பரண்மேலிருப்பது என்றும் ஆங்கே இராது. ஏதேனும் ஒரு போகிக்கு முன்னாள் வீட்டைத் துடைக்குங்கால் இறங்கும். இறங்கியபின் தெருவழியே செல்லும். மேலும், வெட்டியெடுத்த மண்ணிற் காணும் பொன்னைக் காட்டினும் கைப்பேசிக் குவியலிற் காணும் பொன் எடைக்கு எடை மிகுதி. ஜப்பானியர் 2017 முதல் 2019 வரை தம் மக்களிடம் பழைய கருவிகளை வேண்டிப்பெற்று, அவற்றிலிருந்து எடுத்த பொன், வெள்ளி, வெண்கலத்தாலேயே டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் வார்த்தனர். 62 லட்சத்திற்கு மேற்பட்ட கைப்பேசிகள் வந்து குவிந்தன. மக்கள் கொடுத்தமைக்குக் காரணம், 1,600க்கு மேற்பட்ட ஊராட்சி, நகராட்சி மன்றங்கள் தத்தம் ஊரிலேயே அவற்றைப் பெற்றுக்கொள்ள முன்வந்தமையே என்பது எம் கருத்து.

நம் நாட்டிற் சட்டம் இல்லையோ எனின், உண்டு. 2011இல் முதல் விதிகள் தோன்றின; 2016இல் புதுக்கப்பெற்றன; 2022இல் இயற்றிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி, கருவி செய்து விற்போர், தாம் விற்றவற்றுள் ஆயுள் முடிந்தனவற்றிற்கு ஈடாக, முதலிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு 60 பங்கும், அடுத்த இரண்டில் 70 பங்கும், 2027-28 முதல் 80 பங்கும் மறுசுழற்சி செய்வித்தமைக்குச் சான்றிதழ் காட்டுதல் வேண்டும். ஓராண்டில் 1,000 கருவிகளேனும் கையாளும் நிறுவனம் பெருநுகர்வோர் எனப்படும். அது தன் பழைய கருவிகளைப் பதிவு பெற்றாரிடமே ஒப்படைக்கக் கடமைப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிப் பகுதியிலேயே இக்கழிவைப் பிரிக்கும் ஆலைகள் உள்ளன.

ஆயின் குறை எங்கே? செய்வோர், விற்போர், புதுக்குவோர், மறுசுழற்சியாளர் ஆகிய நால்வகையினரைப் பதிவு செய்யும் அவ்விதிகளில், வீட்டு வாயிலுக்கு வரும் பழம்பொருள் வணிகனுக்கு இருக்கை இல்லை. ஆலை உண்டு, கருவியும் உண்டு, இடைப்பட்ட வழி இல்லை. திருவாலங்காட்டுக் கிழவி ஒருத்தி தன் பழுதுற்ற தொலைக்காட்சிப் பெட்டியைச் சுமந்துகொண்டு கும்மிடிப்பூண்டிக்குச் செல்வாளோ? உலகெங்கும் இதுவே நிலை. 2022இல் உலகில் தோன்றிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகப் பெற்று மறுசுழற்சி செய்ததற்குக் கணக்குள்ள பங்கு நூற்றுக்கு 22.3 மட்டுமே என 2024இல் ஐக்கிய நாட்டு நிறுவனங்கள் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

ஆதலின், செய்யத்தக்கனவாக எமக்குத் தோன்றுவன மூன்று.

முதலாவது, கொடுத்த வழியே கொள்ளுதல். குடும்ப அட்டைக்குப் பொருள் வழங்கும் நியாயவிலைக் கடையே, ஆண்டிற்கு இருமுறை குறித்த நாளிற் பழைய கருவிகளைப் பெற்றுக்கொள்ளட்டும். பெற்றமைக்குச் சீட்டு ஒன்று தரப்படட்டும்; அதிற் கருவியின் எண்ணும் பெற்றுக்கொண்டவர் கையொப்பமும் இருக்கட்டும். பழையனூர் நீலியின் கதையை அறியாதார் இல்லை. வணிகன் உயிர்க்குப் பிணையென்று உரைத்த சொல்லைக் காத்தற்பொருட்டு வேளாளர் எழுபதின்மர் தீப்புகுந்தனர் என்பர். இன்று எவரும் தீப்புக வேண்டுவதில்லை. பெற்ற பொருளுக்குப் பொறுப்பேற்று ஒரு கையொப்பம் இட்டாற் போதும்.

இரண்டாவது, பழம்பொருள் வணிகனைப் பகையாகக் கருதாது துணையாகக் கொள்ளுதல். அவனைக் காவலரைக் கொண்டு வெருட்டினால், அவன் மறைவிற் சென்று எரிப்பான். உடையாத பெட்டிக்கு உடைத்த செம்பினும் மிகுந்த விலை தருவதாயின், அவனே அதனை உடையாது காப்பான். பணத்திற்கு எங்கே போவது எனின், கருவி விற்போர் சான்றிதழுக்காகச் செலுத்தும் தொகையில் ஒரு பங்கை ஊர்வரை வருமாறு செய்தலே வழி. சட்டம் நகரத்து ஆலைக்குக் கொடுக்கும் பயனில் ஒரு துளி, அதன் மூலப்பொருளைத் திரட்டித் தரும் ஏழைக்கும் சேர்தல் அறமன்றோ?

மூன்றாவது, நினைவைத் துடைத்தல். இது மாணவர்க்கே உரிய தொண்டு. கணினித்துறை மாணவர் சிலர், உடையவர் கண்முன்னரே டிஸ்க் முழுவதன்மேலும் வேற்றெழுத்து எழுதித் துடைத்துத் தரலாம். கைப்பேசியாயின், வேண்டுவனவற்றைப் படியெடுத்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம்மையும் நினைவட்டையையும் எடுத்துவிட்டு, தொழிற்சாலை நிலைக்கு மீட்டல் வேண்டும். அண்மைக்காலக் கைப்பேசிகள் செய்திகளை மறையெழுத்திற் சேமிப்பன. ஆகலின் மீட்டலால் அதன் திறவுகோல் அழிய, எஞ்சுவது படிக்கவொண்ணாக் குப்பையே. இயங்காத டிஸ்கைத் தனியே கழற்றித் துளையிட்டு உடைத்தல் தகும். மின்கலத்தை மட்டும் ஒருபோதும் உடைத்தலாகாது. துடைத்த மடிக்கணினி இயங்குவதாயின், அதனைப் புதுக்கி வேறொரு மாணவனுக்கு அளித்தல் மறுசுழற்சியினும் சிறந்தது.

நம் கல்லூரி இதற்கு வழிகாட்டல் வேண்டும். ஆயிரம் கருவி உண்டோ இல்லையோ என்று எண்ணிக்கொண்டிராது, அலுவலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் கழிந்த கருவி ஒவ்வொன்றும் யாரிடம், எந்நாளில், எவ்வாறு துடைக்கப்பெற்றுச் சென்றது என ஒரு பதிவேடு தொடங்குதல் பெரிய காரியமன்று. ஊர்களிற் பரவியுள்ள பழைய மாணவர் தத்தம் பஞ்சாயத்துகளில் இக்கருத்தை எடுத்துரைப்பாராயின் நியாயவிலைக் கடையின் கதவும் ஒருநாள் திறக்கும்.

இராசேந்திரன் கொடுத்ததைச் செம்பில் எழுதிவைத்தான். எவர் கொடுத்தார், எவர் பெற்றார், எல்லை யாது என்பன ஐயமின்றி விளங்கின. நாம் கொடுப்பதும் பெறுவதும் அவ்வாறு விளங்குதல் வேண்டும். வீட்டுக்கு வந்த செம்பும் ஈயமும் ஏழைப் பிள்ளையின் மூச்சிற் கலவாது, வந்தவாறே திரும்பிச் செல்வதாக. அதற்குரிய முயற்சியில் நண்பர்காள், நாம் முற்படுவோமாக.