படுக்கைப் புண்ணுக்கு ஆபரேஷன்: அதற்கப்புறம்?



பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் சினிமாக்காரர்கள் மூக்கைத் திருத்திக்கொள்வது என்றுதான் நம்மில் பலபேர் நினைக்கிறோம். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டோ, பக்கவாதம் வந்தோ மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கு வரும் ஆழமான படுக்கைப் புண்ணை மூடுவதும் அந்த டாக்டர்கள்தான். இந்தத் தடவை அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரே இடத்தில் பாரம் அழுந்தினால், எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ரத்தம் போகாத சதை செத்துப்போகும். முதுகின் அடி எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் இங்கெல்லாம்தான் முதலில் வரும். மேலே ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் தெரியும். உள்ளே எலும்பு வரைக்கும் குழி போயிருக்கும். சாதாரணமாக நினைக்காதீங்க. 'சூப்பர்மேன்' படத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். வசதிக்குக் குறைவில்லை. அப்படியும் 2004-ல் இறக்கும் சமயத்தில், சீழ் வைத்த படுக்கைப் புண்ணுக்குத்தான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவு ஆழமான குழியில் தோலை மட்டும் சீவி ஒட்டினால் நிற்காது. எலும்புக்கு மேலே மெத்தை மாதிரி சதை வேண்டும். அதனால் பக்கத்திலிருந்து தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் தசை எல்லாவற்றையும் சேர்த்து, அதற்குப் போகும் ரத்தக்குழாயை அறுக்காமல், அப்படியே திருப்பிக் குழியில் வைத்துத் தைக்கிறார்கள். 'ஃபிளாப்' என்பது இதுதான். மல்லிகைக்குப் பதியன் போடும்போது தாய்ச்செடியிலிருந்து வெட்டாமல் கிளையை வளைத்து மண்ணில் புதைக்கிறோமே, அதே மாதிரி. நம் நாட்டுக்கு இது புதுசும் இல்லை. புனே பக்கத்தில் ஒரு வண்டிக்காரருக்கு நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்த செய்தி 1794-லேயே லண்டன் பத்திரிகையில் வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் செத்த சதையை அகற்றி, சீழ் அடங்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கணும். பீடி, சிகரெட்டை விட்டே ஆகணும். முட்டை, மீன், பயறு, பால் என்று சத்தான சாப்பாடு போகணும். முடிந்த பிறகு சில வாரங்கள் அந்த இடத்தில் பாரமே படக்கூடாது. அப்புறம் டாக்டர் சொல்கிறபடி, நிமிஷக் கணக்கில்தான் உட்காரப் பழக வேண்டும்.

தையல் ஆறிவிட்டது, இனிக் கவலை இல்லை என்று பழையபடி படுக்கவிட்டால், அதே இடத்தில் மறுபடியும் புண் வரும். அதனால் இவற்றை விடாமல் செய்யுங்கள்:

2 மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். தரதரவென்று இழுக்காமல், விரிப்போடு இரண்டு பேராகத் தூக்கி நகர்த்துங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். குதிகால் படுக்கையில் படாமல் இருக்கட்டும். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீங்க. புண்ணில் மஞ்சளோ சாம்பலோ போடாதீங்க. தினமும் உடம்பு துடைக்கும்போது எலும்பு மேடுகளைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லையென்றால் அதுதான் ஆரம்பம். நம்ம மாதிரி மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கறுத்தோ கெட்டியாகவோ இருக்கும். உடனே அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்திவிட்டு, நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

எங்கள் கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பக்கம் தஞ்சாவூர், மறு பக்கம் புதுக்கோட்டை. இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். இந்த வேலையெல்லாம் கடைசியில் மனைவி தலையிலோ மருமகள் தலையிலோதான் விழுகிறது. ராத்திரியும் பகலும் 2 மணிக்கொரு தரம் எழுந்திருக்க ஒருத்தியால் எத்தனை நாள் முடியும்? அவள் சோர்ந்து தூங்கிவிடும் இரவில்தான் புண் பிடிக்கும். வீட்டு ஆண்களுக்கும் முறை போட்டுக் கொடுங்கள். புரட்டிப் போட ஆம்பிளைக் கை வேண்டாமா என்ன?

1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தவர். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது. படுத்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கும் வீடுகளில் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். புண் இல்லாமல் பார்த்துக்கொண்டால்தான் நாற்காலியிலாவது உட்கார முடியும். உட்கார்ந்தால்தான் வாசலையும் நாலு மனுஷரையும் பார்க்க முடியும்.