புல்லுக்குப் பரிந்த அதிகாரம்

"இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள். காசு கொடுத்தவனுக்குத்தான் கலையின் அருமை தெரியும்." சாய்வு நாற்காலியிலே சாய்ந்துகொண்டு இப்படிப் பேசுவோர் எந்த நாட்டிலும் உண்டு. பொது நூலகத்திலே புத்தகம் எடுப்பவன் பணம் கொடுப்பதில்லையே, அறிவின் அருமை அதனால் குறைந்துவிட்டதா? இவர்களுடைய கவலை கலையைப் பற்றியதன்று; தம் பக்கத்து இருக்கையிலே யார் வந்து அமர்வார்கள் என்பதைப் பற்றியது!

இந்த வாதம் நியூயார்க் மாநகரிலே 1959-ஆம் ஆண்டு வழக்குமன்றப் படி ஏறியது. ஏறித் தோற்றது. தோற்கடித்தவர் ஜோசப் பாப். புரூக்ளினிலே, பெட்டி செய்து பிழைத்த ஏழை யூதத் தொழிலாளியின் மகனாக 1921-இல் பிறந்தவர். பொது நூலகத்தில் காசின்றிப் படித்து வளர்ந்த அந்த மனிதர், நூலைப் போலவே நாடகமும் மக்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும் என்றார். 1954-இல் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்திலே தொடங்கினார். 1956-இல் கிழக்கு ஆற்றங்கரைப் பூங்காவிலிருந்த மாநகராட்சியின் திறந்தவெளி அரங்குக்கு வந்தார். மறு ஆண்டு சரக்கு வண்டியையே மேடையாக்கிப் பேட்டை பேட்டையாகச் சென்றார். வண்டி கடைசியில் வந்து நின்ற இடம் சென்ட்ரல் பார்க்.

அங்கேதான் குறுக்கிட்டார் ராபர்ட் மோசஸ், நகரப் பூங்காக்களின் ஆணையர். தலைக்கு ஒரு டாலரோ இரண்டு டாலரோ வசூலித்தாக வேண்டும் என்றார். காரணம்? மக்கள் உட்காருவதால் புல் தேய்கிறதாம்! நெடுஞ்சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீட்டைவிட்டு விரட்டியபோது கசியாத நெஞ்சம், புல்லுக்காகக் கசிந்தது. பாப் பணியவில்லை. 1958-இல் அமெரிக்கரல்லாச் செயல்களை விசாரிக்கும் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, அதனால் தொலைக்காட்சி நிறுவன வேலையை இழந்து, போராடித் திரும்பப் பெற்றவர் அவர். அந்தப் பழைய பழியையே மொட்டைக் கடிதமாகச் சுற்றுக்கு விட்டது மோசஸின் அலுவலகம். வாதத்திலே வெல்ல முடியாதவர்களின் வழக்கமான ஆயுதம்!

மேல்முறையீட்டு மன்றம், ஆணையரின் நிபந்தனை நியாயமற்றது என்று கூறிவிட்டது. இதிலே வேடிக்கை என்னவென்றால், தோற்ற மோசஸே பின்னர் அதே பூங்காவில் நிலையான அரங்கம் கட்ட நகரத்திடம் நிதி கேட்டார். 1962-இல் டெலகார்ட் அரங்கம் திறக்கப்பட்டது. இடமும் கட்டடமும் மாநகரத்தின் உடைமை. நாடகம் நடத்துவது பாப் நிறுவிய அமைப்பு. நுழைவுக் கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லாத அந்த மேடையிலே, 1973-இல், லியர் மன்னனாக முடி சூடி நின்றவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர். நிறத்தால் தாழ்த்தப்பட்டவன் அரசனாக நிற்பதும், அதைக் காண ஏழையும் செல்வனும் ஒரே வரிசையில் அமர்வதும், சாய்வு நாற்காலிக்காரர்களுக்குப் புல் தேய்வதைவிடப் பெரிய வேதனை அல்லவா?

இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள் 2013-இல். பார்வையாளராக இருந்த மக்களையே மேடை ஏற்றினார்கள். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் நகரின் ஐந்து வட்டாரங்களிலிருந்தும் ஏறத்தாழ இருநூறு பேர் பங்கு கொண்டனர். வீட்டு வேலை செய்யும் பெண்கள், சிறை சென்று மீண்டவர்கள், குழந்தைகள், முதியோர். பாத்திரம் கழுவிய கை ஷேக்ஸ்பியரைத் தொட்டதால் ஷேக்ஸ்பியர் தீட்டுப்பட்டுவிடவில்லை!

குறையே இல்லையா? உண்டு. 2025-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அந்த அரங்கத்திலும் உண்டு. சீட்டுக்குக் காசில்லை, ஆனால் அதற்காக விடியற்காலை முதல் நண்பகல்வரை பூங்காவிலே வரிசையில் நிற்கவேண்டும். கூலியை இழந்து நிற்க எத்தனை உழைப்பாளரால் இயலும்? நிற்பதற்கு ஆள் அமர்த்தும் வாணிகம் வளர்ந்து, 2010-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞரே தலையிட நேர்ந்தது. குலுக்கல் முறையும், தொலைவிலுள்ள பகுதிகளுக்கே சீட்டைக் கொண்டுசென்று வழங்கும் முறையும் வந்திருக்கின்றன, நன்று. ஆனால் பெருந்தொகை நன்கொடை தருவோருக்கென ஒதுக்கும் இருக்கைகள் எதற்கு? மக்களின் நிலத்திலே எழுந்த அரங்கில் வரிசையில் நில்லாமல் வந்து அமரும் உரிமையை அந்தச் செல்வர்களுக்கு வழங்கியது எந்த மன்றத்தின் தீர்ப்பு?