கடைசி இடம் பிடித்த மேனேஜர்கள்

எங்கள் கிளைக்கு ஒரு ஜப்பானியர் வருவார். மானேசரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் ஒசாகா பக்கம். கணக்கு வேலை முடிந்த பிறகும் எழுந்து போக மாட்டார். உடைந்த ஆங்கிலத்தில் பேஸ்பால் பேசுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான். ஆனால் அவர் அதிகம் பேசியது ஆட்டத்தைப் பற்றி அல்ல, மேனேஜர்களைப் பற்றி. மேனேஜர் என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன். நானும் ஒரு மேனேஜர்தானே :-)

அவருடைய அணி ஹன்ஷின் டைகர்ஸ். 1935-ல் ஆரம்பித்தது, முதலாளி ஒரு ரயில் கம்பெனி. மைதானம் கோஷியென், 1924-ல் கட்டியது. ஒசாகாக்காரர்கள் இந்த அணிக்காக உயிரை விடுவார்கள், மைதானம் இருப்பதோ பக்கத்து ஹியோகோ மாகாணத்தில். ஆகஸ்டில் பள்ளிப் பையன்களின் தேசியப் போட்டிக்கு மைதானத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அணி ஊர் ஊராகச் சுற்றும். (நம் ஐபிஎல் அணிகளை இப்படிக் கேட்டுப் பாருங்கள்!)

பேஸ்பாலில் மேனேஜர் என்றால் நம் கிரிக்கெட்டின் கோச், கேப்டன் இரண்டும் சேர்ந்த ஆள். யார் ஆடுவது, யார் வீசுவது, எப்போது ஆளை மாற்றுவது, எல்லாம் அவர் முடிவு. பட்டம் வென்றால் வீரர்கள் அவரைத் தூக்கி ஆகாயத்தில் எறிந்து பிடிப்பார்கள். தோற்றால் ராஜினாமா.

1985-ல் யோஷிதா யோஷியோ மேனேஜராக இருந்தபோது டைகர்ஸ் முதன்முதலாக ஜப்பான் சீரீஸை வென்றது. ரசிகர்கள் கொண்டாட்டத்தில் ஒரு கேஎஃப்சி கடை வாசலில் இருந்த தாத்தா பொம்மையைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள். அந்தச் சாபம்தான் என்று பிறகு பல வருடம் புலம்பினார்கள். பொம்மை 2009-ல்தான் கிடைத்தது. பட்டம் வென்ற அதே யோஷிதா 1987-ல் ஆறு அணிகள் கொண்ட லீகில் ஆறாவது இடம் பிடித்து வெளியே போனார். 1987-லிருந்து 2001 வரை 15 சீசன், அதில் 10 முறை கடைசி இடம். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். யோஷிதாவையே 1997-ல் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், மறு வருடம் மறுபடி கடைசி.

என் விஷயம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 1999-ல் நோமுரா கட்சுயாவைக் கொண்டுவந்தார்கள். யாகுல்ட் அணிக்கு மூன்று முறை ஜப்பான் சீரீஸ் வாங்கிக் கொடுத்தவர், புள்ளிவிவரப் புலி. அவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே நம்பியது. 1999 கடைசி, 2000 கடைசி, 2001 கடைசி. அந்த டிசம்பரில் அவர் மனைவி வரி ஏய்ப்பு வழக்கில் கைதாக, இவர் பதவி விலகினார். அடுத்து வந்த ஹோஷினோ சென்இச்சி 2003-ல் லீக் பட்டம் வென்றார். 18 வருடம் கழித்து! ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அந்த 2003 அணியைப் பாருங்கள். 20 ஆட்டம் வென்று லீகின் சிறந்த வீரரான பிட்சர் இகாவா கெய், 2001-ல் நோமுரா முழு சீசனும் ஆடவிட்டு வளர்த்த பையன். பேஸ் திருடுவதில் 2001 முதல் ஐந்து வருடம் தொடர்ந்து முதலிடம் பிடித்த அகஹோஷி, நோமுரா காலத்தில் எடுக்கப்பட்டவர். விதைத்த ஆளின் பெயருக்கு நேரே புத்தகத்தில் இருப்பது மூன்று கடைசி இடங்கள். ஹோஷினோ ஒன்றும் சும்மா உட்கார்ந்து அறுத்தவர் அல்ல. 2002 சீசன் முடிந்ததும் இருபது பேருக்கு மேல் வெளியே அனுப்பினார், ஹிரோஷிமாவிலிருந்து கனெமோட்டோவைக் கொண்டுவந்தார். நோமுராவால் முடியாத வேலை அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த ரிசல்ட்டை ஒரே ஆள் கணக்கில் வரவு வைப்பது எந்த ஊர் கணக்கு?

எனக்கு ஏன் இவ்வளவு வேகம் வருகிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2018-ல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளைக்கு மாற்றலாகிப் போனேன். (பையனுக்கு ஸ்கூல் மாற்றியது, டி.சி. வாங்க அலைந்தது எல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், விடுங்கள்.) எனக்கு முன் இருந்தவர் ஒடிசாக்காரர். புதுக் கடன் கொடுத்துப் பழைய கடனை அடைத்ததாகக் காட்டும் வித்தை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எவர்கிரீனிங் என்பார்கள். அவருக்கு முன் இருந்தவர்கள் அதைத் தாராளமாகச் செய்திருந்தார்கள். இவர் மாட்டேன் என்றார். வராக்கடனை வராக்கடன் என்றே காட்டினார். விளைவு, இரண்டரை வருடம் அந்த வட்டாரத்தில் எங்கள் கிளைதான் கடைசி. ஒரு எண்ணெய் மில் கணக்குக்காக மட்டும் எத்தனை முறை கோர்ட் படி ஏறினார் என்று ஃபைலைப் பார்த்தால் தெரியும். அவரைத் தூக்கி ஏதோ ஒரு மூலைக்கு அனுப்பினார்கள். நான் போய் உட்கார்ந்தேன். அவர் போட்ட வழக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து பணம் வர ஆரம்பித்தது. 2019 மார்ச் முடிந்ததும் வசூலில் சிறந்த கிளை என்று ஷீல்டு கொடுத்தார்கள். மேடையில் நான்தான் வாங்கினேன். அவர் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

சரி, டைகர்ஸுக்கு வருவோம். அதே கதை அங்கே மறுபடியும் நடந்தது. வீரராக வந்து ஊரின் கண்ணான கனெமோட்டோ 2016-ல் மேனேஜரானார். புதுப் பையன்களை வளர்க்கிறேன் என்று இறங்கினார். அந்த வருட டிராஃப்டில் ஒயாமா யூசுகே என்ற பையனை முதல் ஆளாக எடுத்தபோது அரங்கில் இருந்த ரசிகர்கள் அலறியே விட்டார்கள், யார் இவன் என்று. 2018-ல் கடைசி இடம், கனெமோட்டோ வெளியே. அடுத்து யானோ. 2021-ல் டைகர்ஸ் 77 வெற்றி, யாகுல்ட் 73 வெற்றி. ஆனால் பட்டம் யாகுல்டுக்கு! டிரா ஆன ஆட்டங்களைக் கழித்துவிட்டு வெற்றி விகிதம் பார்ப்பது அங்கே முறை. யாகுல்டுக்குத் தோல்வி குறைவு, டிரா அதிகம். நாலு ஆட்டம் அதிகம் ஜெயித்தும் இரண்டாம் இடம். 2022 சீசன் தொடங்கும் முன்பே இதுதான் என் கடைசி வருடம் என்று யானோ அறிவிக்க, அணி முதல் ஒன்பது ஆட்டமும் தோற்றது.

2023-ல் ஒகாதா அகினோபு வந்தார். 1985 அணியில் ஆடியவர். 2005-ல் மேனேஜராக லீக் பட்டம் வென்றவர், 2008-ல் 13 ஆட்ட முன்னிலையை ஜயண்ட்ஸிடம் கோட்டைவிட்டு ராஜினாமா செய்தவர். 65 வயதில் ஜப்பான் சீரீஸை வாங்கிக் கொடுத்தார், 38 வருடம் கழித்து.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று. பிட்சர் நாலு பந்தைத் தவறாக வீசினால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். வாக் என்று பெயர். பொறுமையாக நிற்க வேண்டும், கைதட்டல் கிடையாது. வீரர்களின் சம்பள மதிப்பீட்டில் வாக்குக்கான மதிப்பெண்ணைக் கூட்டுங்கள் என்று ஒகாதா நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினார். பிரசங்கம் செய்யவில்லை, அப்ரைசல் ஃபாரத்தை மாற்றினார்! அந்த சீசனில் டைகர்ஸ் எடுத்த வாக் 494, லீகிலேயே அதிகம். அதில் 99 எடுத்தது யார் தெரியுமா? அரங்கமே அலறிய அந்த ஒயாமாதான். சீசன் முழுக்க நாலாவது பேட்டர் அவர். எடுத்தது கனெமோட்டோ, ஆகாயத்தில் பறந்தது ஒகாதா.

ஆக ஒகாதாவுக்குப் புகழ் தகாது என்று நான் சொல்லவில்லை. ஒரு மேனேஜரை அவர் உட்கார்ந்த வருடத்து ரேங்கை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்கிறேன். அவர் போய் ஐந்து வருடம் கழித்து அணியில் யார் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். எங்கள் தலைமை அலுவலகத்துக்கும் இதையேதான் சொல்வேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

2025-ல் புஜிகாவா கியூஜி வந்தார், ஒகாதாவின் 2005 அணியில் பந்து வீசியவர். முதல் வருடமே செப்டம்பர் 7-ஆம் தேதி லீக் பட்டம், அந்த லீக் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் யாரும் முடித்ததில்லை. ஜப்பான் சீரீஸில் சாஃப்ட்பேங்கிடம் தோற்றார்கள். இந்தப் பட்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்று என் வாடிக்கையாளரைக் கேட்டேன். விரல் விட்டு வருடம் எண்ண ஆரம்பித்தார், பின்னால் டோக்கன் வரிசை நீண்டுகொண்டே போனது.

அன்று மாலை ஒடிசாக்காரருக்கு போன் செய்தேன். ரிட்டையர் ஆகி ஊரில் இருக்கிறார். ஷீல்டைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் முந்திக்கொண்டு கேட்டார்.

"அந்த எண்ணெய் மில் கணக்கு முடிந்ததா?"

"2019-லேயே முடிந்தது சார். வட்டியோடு."